வாயில்லா உயிரும் வீட்டு நஞ்சும்

சிவாஜிநகரில் எலி வாராத இல்லம் ஏது? ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த வீடுகளே மிகுதி. 1927-இல் கட்டப்பெற்ற அந்த அங்காடியில் காய்கனியும் இறைச்சியும் மீனும் குவிந்திருக்கும் வரை எலியும் இருக்கும். எலி இருக்கும் வரை எலி மருந்தும் நம் வீட்டு மூலைகளில் இருந்தே தீரும். வேலூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைப்பு நாடி இங்கு வந்த நம்மவர், ஒன்றிரண்டு அறைகளுக்குள் அரிசி மூட்டையையும் குழந்தைகளையும் நாயையும் பூனையையும் ஒருங்கே வைத்துக் குடித்தனம் நடத்துகின்றனர். இடம் குறுகக் குறுக நஞ்சும் உணவும் நெருங்கி வருகின்றன.

இத்திங்கள் நாம் கூறப் புகுவது, எலிக்கென்று வைத்ததையும் மனிதருக்கென்று வாங்கியதையும் உண்டு மாளும் வளர்ப்பு உயிர்களைப் பற்றியதாகும். ஊரார் பிழையை எடுத்துரைப்பதற்கு முன் நம் இல்லத்துப் பிழையைக் கூறிவிடுவதே முறை.

நம் இல்லத்தில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு. ஒரு ஞாயிறன்று அரிசி மூட்டைக்குப் பின்னால் நீல நிற எலி மருந்துக் கட்டிகள் இரண்டை வைத்தோம். மறுநாள் பார்க்கையில் ஒன்றைக் காணோம். எலி இழுத்துச் சென்றதென்று மகிழ்ந்தோம். திங்களும் செவ்வாயும் மணி வழக்கம்போல் சோறு தின்றது; வாசலில் வருவோர் போவோரைக் குரைத்தது. புதனன்று சற்றுச் சோர்ந்திருந்தது. வெயில் என்று எண்ணினோம். வியாழன் காலையில் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஈறுகள் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தன. மூக்கிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஆட்டோவில் தூக்கிச் சென்று கால்நடை மருத்துவர் முன் கிடத்தினோம்.

"வீட்டில் எலி மருந்து வைத்தீர்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"வைத்தோம், ஐயா. ஆனால் அது நான்கு நாளைக்கு முன்பு. அதைத் தின்றிருந்தால் அன்றைக்கே உயிர் போயிருக்காதா?"

"அப்படி எண்ணிக்கொண்டுதான் எல்லோரும் நான்காம் நாள் வருகிறீர்கள். மருந்தின் உறை எங்கே?"

உறை குப்பை வண்டியில் போய்விட்டது. வீட்டுப் பையன் மருந்து வாங்கிய கடைக்கு ஓடி, அதே கட்டி ஒன்றை உறையோடு வாங்கி வந்தான். அதில் எழுதியிருந்த பெயர் புரோமடையலோன். பெயர் தெரிந்த பின்னரே மருத்துவம் உறுதியாகத் தொடங்கிற்று. வைட்டமின் கே1 ஊசியும், பின்னர் நான்கு வாரங்களுக்கு மாத்திரையும் கொடுத்தனர். மணி பிழைத்தது. அது பிழைத்ததற்கு நம் அறிவு காரணமன்று; கடை திறந்திருந்ததே காரணம்.

இவ்வகை நஞ்சு உடனே கொல்வதில்லை என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம். இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்கள் சில, வைட்டமின் கே-யின் துணையால் ஈரலில் உண்டாகின்றன. இந்நஞ்சு அதனைத் தடுத்துவிடுகிறது. உடலில் முன்பே இருந்த இருப்புத் தீரும் வரை விலங்கு நலமாகவே தோன்றும். மூன்று முதல் ஐந்து நாட்களில் இருப்புத் தீர்ந்ததும் உள்ளும் புறமும் குருதி கசியத் தொடங்கும். நஞ்சு உடலில் நெடுநாள் தங்குவதால்தான் மாத்திரையும் வாரக்கணக்கில் தரப்படுகிறது. நாய் நன்றாகிவிட்டதென்று பாதியில் நிறுத்துவோர் மீண்டும் அதனை இழக்க நேரிடும்.

இம்மருந்தின் பிறப்பு வியப்புக்குரியது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும், பூஞ்சை பிடித்த ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மாண்டன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து அறிஞர் கார்ல் பால் லிங்க்கும் அவர் குழுவினரும், 1940 அளவில் அவ்வைக்கோலிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அந்த ஆராய்ச்சியின் வழியே வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பின்னர் அதுவே மனிதரின் இரத்தக் கட்டுக்கு மருந்தாகவும் ஆயிற்று. நஞ்சும் மருந்தும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எலி மருந்துகள் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல. கருமையும் சாம்பலும் கலந்த நிறத்தில் விற்கும் துத்தநாக பாஸ்பைடுத் தூள், வயிற்று அமிலத்தோடு கலந்து பாஸ்பீன் என்னும் நச்சுக் காற்றாக மாறுகிறது. இதைத் தின்ற நாய்க்குப் பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் மிகுந்து தீங்கும் மிகும். அது வாந்தி எடுக்குமாயின் அந்தக் காற்று அருகிலிருக்கும் நம்மையும் தாக்கும். ஆதலின் வண்டியில் கொண்டு செல்லும்போது சன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையோ ஈரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. இடையே ஓரிரு நாள் நலமாவது போல் தோற்றம் காட்டி ஏமாற்றுவதும் அதன் இயல்பு. வாய் வைக்கும் உயிரும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில் இவ்விரண்டும் புகவே கூடாது. கூண்டுப் பொறியே நல்லது. கட்டி வைத்தே தீர வேண்டுமெனில், எலி மட்டும் நுழையும் துளையுள்ள மூடிய பெட்டிக்குள் வைத்து, எத்தனை வைத்தோம் என்று எழுதி, நாள்தோறும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செத்த எலியைக் கவ்வித் தின்றாலும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சேறும் என்பதையும் மறவாதீர்.

நஞ்சென்று அறிந்து வைத்ததன் கதை இது. நன்மையென்று எண்ணிக் கொடுத்ததன் கதை இன்னும் துயரமானது.

மணி வருவதற்கு முன் நம் இல்லத்தில் மீனு என்றொரு பூனை இருந்தது. ஒரு மழை நாளில் அது உடம்பு சுட்டுச் சுருண்டு கிடந்தது. அம்மா மனம் பொறுக்காமல், தலைவலிக்கு வைத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து ஊட்டினார். மாலைக்குள் பூனையின் முகமும் பாதங்களும் வீங்கின. ஈறுகள் பழுப்பு நிறமாயின. மூச்சு வாங்கிற்று. மருத்துவரிடம் சென்றோம்; காலம் கடந்துவிட்டது.

"குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே, ஐயா? அதிலும் பாதிதானே கொடுத்தேன்?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா, பூனை சின்னக் குழந்தையன்று. அதன் ஈரல் வேறு" என்று மட்டும் சொன்னார் அவர்.

மனித ஈரலில் இம்மாத்திரையைத் தீங்கற்றதாக்கி வெளியேற்றும் ஆற்றல் உண்டு. பூனைக்கு அது மிகக் குறைவு. ஆகவே மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்க இயலாதவாறு செய்துவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைக் குடிக்க வல்லது. விரைந்து சென்றால் இதற்கு மாற்று மருந்து உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் முதலிய வலி மாத்திரைகள் நாய்க்கும் ஆகா. அவை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பன. நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. அதைப் பூனைக்குப் பூசினால் நடுக்கமும் வலிப்பும் காணும்.

ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாவதைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ராமநகரம். அங்குள்ள ராமதேவர பெட்டா 2012-இல் கழுகுகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுவதும் ஏன் அருகின? மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பதை அறிஞர் 2004-இல் வெளியிட்டனர். கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை 2006-இல் இந்திய அரசு தடை செய்தது. மாட்டுக்கு மருந்து கொடுத்தவர் எவரும் கழுகைக் கொல்ல எண்ணியவர் அல்லர். நம் அம்மாவும் அப்படியே.

இனி அடுக்களைக்கு வருவோம். நாம் உண்பதை நாய்க்கும் பகிர்ந்து கொடுப்பது நம்மவர் பண்பு. அப்பண்பைக் கைவிடுக என்று நாம் கூறோம். எதைப் பகிரலாகாது என்று மட்டும் கூறுவோம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. சமைத்தாலும் அத்தன்மை போகாது. ஆதலால் சாம்பார் சோறும் குருமா ஊற்றிய சோறும் வேண்டா. வெறுஞ்சோற்றில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த இறைச்சியை எலும்பு நீக்கிக் கொடுங்கள். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் நெஞ்சைப் படபடக்கச் செய்வது. நிறம் கறுக்கக் கறுக்கத் தீமையும் மிகும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் உண்டு. அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சிறிது நேரத்தில் வீழ்த்திவிடும்.

பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையைப் பற்றித் தனியே கூற வேண்டும். திராட்சையைத் தின்ற நாய்களுட் சில ஒன்றும் ஆகாமல் திரிகின்றன. சிலவற்றுக்கோ சிறுநீரகம் செயலற்றுப் போகிறது. இதன் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சிலர், டார்டாரிக் அமிலமே அதன் காரணமாகலாம் என்று எழுதினர். அவர்களுக்கு வழி காட்டியவற்றுள் ஒன்று எது தெரியுமா? நம் புளி! புளியைத் தின்ற நாய்களிடத்தும் அதே சிறுநீரகக் கேட்டைக் கண்டது, இரண்டிலும் பொதுவாயிருந்த அமிலத்தின் மேல் அவர்கள் கொண்ட ஐயத்தை வலுப்படுத்திற்று. ஆகவே புளிப்பானையை மூடி வையுங்கள்; புளியோதரையை நாய்க்கு இடாதீர்கள்.

வீட்டைத் தூய்மை செய்வதிலும் அழகு செய்வதிலும் இத்தகைய இடர்கள் உண்டு. பினாயில் இட்டுத் துடைத்த தரையில் நடந்த பூனை, பின்னர் உட்கார்ந்து தன் பாதங்களை நக்கும். நாம் தரையில் இட்டது அதன் வயிற்றுக்குள் போகும். ஆகவே தரையை நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்து, உலரும் வரை பூனையை வேறிடத்தில் வையுங்கள். துணி அலமாரியின் பாச்சை உருண்டையை நாய்க்குட்டி மிட்டாய் போல் விழுங்கும். பூக்கடைகளில் கிடைக்கும் பெரிய லில்லி மலர் பூனைக்குக் கொடிய நஞ்சு; அதன் மகரந்தமும், குடுவையில் எஞ்சிய நீருங்கூடச் சிறுநீரகத்தை அழிக்கும். பூசைக்கு வாங்கும் அரளியும் எந்த விலங்குக்கும் ஆகாது. அது நெஞ்சைத் தாக்குவது. மல்லிகை மலர் தீங்கற்றது. ஆனால் அதைத் தொடுத்த நூல் தீங்கற்றதன்று. வாடிய சரத்தோடு விளையாடும் பூனை நூலை விழுங்கினால் குடல் சுருங்கிக் கிழியும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கூண்டில் காதற்கிளிகளை வைத்திருப்போர் அதனை அடுக்களையில் தொங்கவிட வேண்டா. ஒட்டாத பூச்சுள்ள வாணலி வெறுமையாய் மிகக் காய்ந்தால் அதிலிருந்து எழும் ஆவி, மனிதர் உணரும் முன் பறவையைக் கொன்றுவிடும்.

இத்துணை காத்தும் தவறு நேர்ந்துவிட்டால் என் செய்வது?

முதலாவது, கைவைத்தியம் செய்யாதீர். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். சாணத்தைக் கரைத்து ஊற்றுவாரும் உளர்; புளியைக் கரைத்து ஊற்றுவாரும் உளர். மிகுதியான உப்பே ஒரு நஞ்சு. புளியின் செய்தியை மேலே கண்டோம். மண்ணெண்ணெயோ கழிப்பறை அமிலமோ உட்சென்றிருந்தால், வாந்தி எடுக்கும்போது அது தொண்டையையும் நுரையீரலையும் மறுமுறை கெடுக்கும். வாந்தி எடுக்கச் செய்யலாமா, கூடாதா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, உறையையோ புட்டியையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது, விலங்கின் எடை என்ன என்ற மூன்றையும் கூறுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதிலும் சிறிது எடுத்துச் செல்லலாம்.

மூன்றாவது, அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராதீர். தின்ற முதல் சில மணி நேரமே பொன்னான நேரம். சிவாஜிநகருக்கு அண்மையில் குயின்ஸ் சாலையில் அரசுக் கால்நடை மருத்துவமனை உள்ளது. ஹெப்பாளத்தில் 1958-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. அவற்றின் தொலைபேசி எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றின் எண்ணையும் இன்றே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

அண்மையில் ஊரிலிருந்து வந்த பெரியோர்க்கு ஒரு சொல். மருத்துவமனையில் கன்னடம் பேச நேர்ந்தால் அஞ்ச வேண்டா. "நாயி இலி பாஷாண திந்திதெ" என்று கூறினால் போதும். நாய் எலி பாஷாணம் தின்றுவிட்டது என்பதே அதன் பொருள். பூனையாயின் நாயி என்பதற்குப் பெக்கு என்று கூறுக. பாஷாணம் என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாக நின்று அவ்வேளையில் உதவும்.

தெரியாமல் நேரும் பிழையையே இதுவரை கூறினோம். தெரிந்தே தெரு நாய்க்கு நஞ்சிடுவோரும் உளர். அது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, விலங்குக்கு நஞ்சிட்டுக் கேடு விளைவிப்போர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். விலங்கு வதைத் தடைச் சட்டம் 1960-இல் இந்நாட்டில் வந்ததற்கு, மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலே முதற்காரணம். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தெருவில் இட்ட நஞ்சு தெரு நாயோடு நில்லாது. அது நம் வாசலுக்கும் வரும்.

இறுதியாக ஒன்று. பூச்சி மருந்து உறைகளின் மேல் சாய் சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுவது. சிவப்பு மிகக் கொடியது; அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை. எழுத்தறியாதவரும் இந்நிறத்தை அறியலாம். ஆயினும் உறையின் மேல் பெரிதாக இருப்பது பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். நம் வீடுகளில் அடுக்களையை ஆளும் தாய்மாரும் பாட்டிமாரும் தமிழ் மட்டுமே படிப்போர் பலர். மகன் வாங்கி வைத்ததைத் தாய் அறியாள். தாய் இடம் மாற்றி வைத்ததை மருமகள் அறியாள். பாதிக் கேடு இதனால் விளைகிறது.

ஆதலின் இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள எலி மருந்து, பினாயில், அமிலம், பாச்சை உருண்டை, மாத்திரை அனைத்தையும் ஒரே பெட்டியில் இட்டு உயரத்தில் வைத்துத் தாழிடுங்கள். பெட்டியின் மேல் தமிழில் பெரிதாக எழுதுங்கள். குளிர்பானப் புட்டியில் பினாயிலை ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். இதனால் நாயும் பூனையும் பிழைப்பதோடு, நாளை தவழப்போகும் பேரக் குழந்தையும் பிழைக்கும்.

நம் இல்லத்துப் பெட்டியின் மேல் 'நஞ்சு, கேட்காமல் எடுக்காதே' என்று எழுதியவர் அம்மாவே. மாத்திரைகளையும் அதற்குள் வைத்தவர் அவரே. மணி இப்போது அப்பெட்டிக்குக் கீழே படுத்துறங்குகிறது.